ஐரின் எண்ணிய காலிக் கொக்கிகள்

ஐரினிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் ஆபீசில் யாரும் இல்லை. தொம்மலூரில் இருக்கும் எங்கள் வீடியோ கேம் கம்பெனியில், விளையாடுபவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவாள். அவள் அப்பா சாலமன் அங்கே சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர்.

எங்கள் முதல் விளையாட்டும் ஒரு சுரங்கம்தான். இறங்கும்போது வாசல் பலகையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏறி வந்ததும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். இதில் அரை நிமிஷம் வீணாகிறது என்று போன வருஷம் எங்கள் முதலாளி க்ளென் பலகையையே தூக்கிவிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் லாப நஷ்டம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பலகையோடு இரண்டாம் பாகம் வேண்டும் என்று எழுதிக் குவித்தார்கள். க்ளெனோ சுரங்கத்தை மூடிவிட்டு, நிச்சயம் விற்கும் கிரிக்கெட் விளையாட்டு ஒன்றைப் போடலாம் என்றார்.

"கத்துறவங்க எல்லாம் வாங்க மாட்டாங்க ஐரின். விடு மா."

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழம பலகைய திருப்பி மாட்டுங்க க்ளென். பரிசு கிரிசு ஒண்ணும் வேணாம். எத்தன பேர் வர்றாங்கன்னு பாத்துடலாம்."

மாலை ஐந்துக்குள் பத்தாயிரம் பேர் வந்தால் இரண்டாம் பாகம், இல்லாவிட்டால் அன்றே பூட்டு என்று எல்லோர் முன்னாலும் க்ளென் வாக்குக் கொடுத்தார். ஐரின் அதை அப்படியே ரசிகர்களுக்கு எழுதிப் போட்டாள்.

அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திரையில் தெரிந்த எண் ஆறாயிரத்து இருநூறு. க்ளெனே பெருமூச்சு விட்டார். "ட்ரை பண்ணோம். மூடிடலாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை, ஐந்து வருஷம் அந்தச் சுரங்கத்துக்கு நிரல் எழுதியவன் நான்.

ஐரின் எண்ணைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"சந்திரன், உன் நம்பர் எத எண்ணுது?"

"திரும்பி வந்து மாட்டுன டோக்கன."

"அட மக்கு! இங்க இத்தன கொக்கி காலியா இருக்கே, தெரியல? ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் இன்னும் கீழ சுரங்கத்துல இருக்கான். எங்க ஊர்ல ஷிஃப்ட் முடிஞ்சா மொதல்ல காலி கொக்கியத்தான் எண்ணுவாங்க."

காலிக் கொக்கிகளை எண்ண வைத்தேன். நாலாயிரத்து எழுநூறு! இரண்டையும் கூட்டினால் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஐரின் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு விளையாட்டுக்குள் இறங்கினாள். பாதைகள் முழுக்க விளக்குகள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். 'முடிவு தெரியாம மேல வரமாட்டோம்' என்று விளையாட்டின் சாட்டில் வரிக்கு வரி எழுதியிருந்தார்கள்.

க்ளென் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, "இரண்டாம் பாகம் உண்டு. பலகையும் உண்டு. எல்லாரும் மேல வாங்க" என்று அவரே அடித்தார்.

டோக்கன்கள் மடமடவென்று கொக்கிகளில் வந்து விழுந்தன. நாங்கள் கைதட்டி ஓய்ந்தபோது ஒரே ஒரு கொக்கி மட்டும் காலியாக இருந்தது. ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை.

"யாருப்பா அது, இன்னும் நம்பிக்கை வரலையா?" என்றார் க்ளென்.

ஐரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நான்தான் க்ளென். கடைசி ஆள் ஏறட்டும்னு கீழயே நின்னேன்." சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து தன் டோக்கனை மாட்டினாள்.