கழுவக் கழுவ வந்த நாற்றம்

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது. என்னோடு ஒரே ஆண்டவரைத் தொழுகிற உங்களுக்கு, நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு பாமாயில் செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கிராணியாக இருந்தேன். ஆள் கணக்கும் பழக்குலைக் கணக்கும் எழுதிப் பழகிய எனக்கு, எதையும் எண்ணாமல் இருக்க வராது. அதே போல அழுக்கும் ஆகாது. தினமும் இரண்டு முறை தரை துடைப்பேன். மூன்று முறை கை கழுவாமல் வேதத்தைத் தொட மாட்டேன். அழுக்கு வீட்டில் ஆண்டவர் தங்க மாட்டார் என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நாற்றம். தரை ஈரமாக இருக்கும்போது மருந்து வாசம்தான் வரும். காய்ந்ததும் அது மெல்ல எழும்பும், இனிப்பும் அழுகலும் கலந்த மாதிரி. என் மனைவி ரோசலினுக்குக் கொரோனா வந்ததிலிருந்து மூக்கில் வாசனை தெரியாது. அதனால் அது எனக்கு மட்டும்தான். இரண்டு முறை துடைத்த தரையை நான்கு முறை துடைத்தேன். நாற்றம் கூடியது.

பிறகு சத்தம் தொடங்கியது. பகல் மூன்று மணிக்கு நான் ஜெபிக்க உட்கார்ந்தால் தலைக்கு மேலே, சீலிங்குக்குள், மூன்று தட்டு. டொக், டொக், டொக். நான்காவது ஒரு நாளும் வந்ததில்லை. "எலியா இருக்கும்ங்க," என்றாள் ரோசலின். எலி எண்ணித் தட்டுமா?

அதே நாட்களில் அவளுடைய இடது கால் கட்டைவிரலில் புண் வந்தது. அவளுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. கிளினிக்கில் கட்டுப் போட்ட தாதி என்னிடம், "அங்கிள், வீட்ல கட்டைப் பிரிக்காதீங்க லா. நாங்க பாத்துக்கிறோம்," என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்தவர் செய்கிற சுத்தத்தை நான் நம்புவதில்லை. தினமும் கட்டைப் பிரித்து, குளியலறைத் தண்ணீரில் மருந்து கலந்து, மூன்று முறை கழுவினேன். விரல் கறுத்தது. பதினெட்டாம் நாள் டாக்டர், "வெள்ளிக்கிழமை பார்ப்போம். ஆறவில்லை என்றால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும்," என்றார்.

அன்று செவ்வாய். மூன்று நாள்தான் இருந்தது.

புதன் பகல் தரையில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, அழுக்கு எங்கே இருக்கிறது என்று காட்டும். நான் கழுவுகிறேன்," என்றேன். தலைக்கு மேலே மூன்று தட்டு கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சீலிங் கதவு தெரிந்தது. அதற்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டி. சமையலறைக் குழாய்க்கு மட்டும் தெருவிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளிக்க, துடைக்க, புண் கழுவ, எல்லாம் தொட்டித் தண்ணீர்.

அதைக் கழுவி ஒன்பது வருஷம் ஆகிறது.

முன்பெல்லாம் கிறிஸ்துமசுக்கு வீடு கழுவும்போது தொட்டிக்குள் இறங்குவது என் தம்பி தேவதாஸ். குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலை முடிந்து சேற்றுக் காலோடு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். அவன் கேட்டைத் தாண்டும் முன்பே, அவன் உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கி வைத்துக் கழுவினேன். அவன் திரும்பிப் பார்த்தான். அதன் பிறகு சபாக் பக்கம் குடிபோய்விட்டான். நான் மட்டும் மாதம் தவறாமல் கை கழுவிவிட்டுச் சபையில் திருவிருந்து எடுத்து வந்தேன்.

வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தட்டு யாரைச் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன் செய்தேன். "தம்பி, தப்பு என் மேலதான். உன் அண்ணி காலை எடுக்கப் போறாங்க," என்றேன். இரண்டு மணி நேரத்தில் லோரி வாசலில் நின்றது.

"என்ன அண்ணே, செருப்ப எங்க கழட்டணும்? ரோட்லயா?"

"போட்டுக்கிட்டே வாடா," என்றேன்.

ஏணி வைத்து மேலே ஏறினான். பிறகு, "அண்ணே, மூடி நகந்து கெடக்கு. உள்ள மூசாங் ஒண்ணு செத்து ஊறிக் கெடக்கு. தண்ணி பூரா முடி," என்றான். மூசாங் என்றால் மரநாய். என் தரையைத் துடைத்ததும் என் மனைவியின் புண்ணைக் கழுவியதும் அந்தத் தண்ணீர்தான்.

"எத்தனை நாள் இருக்கும்?"

"ஒரு மாசத்துக்குக் கொறையாது."

ஒரு மாதமாகச் செத்துக் கிடப்பது எப்படித் தட்டும்? நான் கேட்பதற்குள் அவனே கத்தினான். "சும்மா இரு அண்ணே, கீழேருந்து எதுக்குத் தட்டுற?"

"நான் தட்டல தம்பி."

"மூணு தடவ தட்டுச்சே," என்றான் மெதுவாக. ஏறியதைவிட வேகமாக இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. இருவரும் அங்கேயே முழங்காலில் நின்று ஜெபித்தோம். அவன் உடம்பெல்லாம் அந்த நாற்றம். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மறுபடி ஏறித் தொட்டியைக் கழுவினான்.

வியாழன் காலை கிளினிக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். தாதி என்னைத் திட்டினாள். திட்டு வாங்க வேண்டியவன்தான். மருந்தை மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை டாக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்து, "பொறுத்துப் பார்க்கலாம்," என்றார். நாற்பத்தொரு நாளில் புண் ஆறியது. ஐந்து விரலும் இருக்கின்றன. தினமும் எண்ணி ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அந்தத் தட்டு பிறகு வரவில்லை. அது என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் யார் அனுப்பியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் ஜெபம் செய்வதற்கு முன்பிருந்தே அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டைச் சுத்தமாக வையுங்கள். நானும் வைக்கிறேன், வருஷத்துக்கு இரண்டு முறை தொட்டியையும் சேர்த்து. ஆனால் எவ்வளவு கழுவியும் போகாத ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கே என்று ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டுகிற இடத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கும். பாருங்கள்.

போன ஞாயிறு தேவதாஸ் வந்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தேத்தண்ணி குடித்தான். அவன் போன பிறகு வெள்ளைத் தரையில் ஏழு சேற்றுத் தடம். கை பரபரத்தது. மறுநாள் காலை வரை விட்டு வைத்தேன்.