ஏலத்துக்கு வராத விளைச்சல்

டில்லியில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் யாருக்கும் வயல் கிடையாது. ஆனாலும் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு எதையாவது காணிக்கையாக வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவோம். மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காய்தான் எங்கள் விளைச்சல்!

லோதி ரோடு ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்த ஹெப்சிபா, தொண்ணூற்றாறில் மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். "படிச்ச படிப்பெல்லாம் வீண்" என்று நாங்கள் வாய் ஓயாமல் பேசினோம். சம்பளமில்லாதவள் அடுத்த பண்டிகைக்கு எதைக் கொண்டுவருவாள்? தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

பண்டிகையன்று இடுப்பில் மகளோடு மட்டும் வந்தாள். நேரே பீடத்துக்கு முன்னால் போய், பூசணிக்காய்களுக்கு நடுவே பிள்ளையை உட்கார வைத்து, முழங்கால் போட்டு ஜெபித்தாள்.

ஏலம் விடும் தேவசகாயம் அண்ணன் சிரித்தார். "அச்சா! இதையும் ஏலம் விட்டிரவாம்மா?"

"இல்லண்ணே, இது இன்னும் விளையல" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள் ஹெப்சிபா. "ஆண்டவர் எனக்குக் குடுத்த வேலை. எவ்வளவு தூரம் ஆயிருக்குன்னு அவருக்குக் காட்டத்தான் கொண்டாந்தேன்."