பொனிராவின் பதினோரு ஆண் மரங்கள்

லிக் பொனிரா யார் வீட்டுக்குப் போனாலும் நேராக வாசலுக்குப் போகமாட்டார். முதலில் அந்த வீட்டுத் தோட்டத்துச் சலாக் தூர்கள் ஒன்றிரண்டின் கீழ்மட்டையை அரிவாளின் முதுகால் விலக்கி, உள்ளே குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார். கல்யாண வீடானாலும் அப்படித்தான், சாவு வீடானாலும் அப்படித்தான். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்க்கிறேன். என் பெரியப்பா இறந்த அன்று, அழுதுகொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்க, மபாக்" என்றவர், அதே மூச்சில் சொன்னார்: "பின்னாடி மூணு தூர்ல பூ சிவந்திருக்கு. நாளன்னிக்கு வரைக்கும் தாங்காது."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "எந்த மூணு?" என்று கேட்டார்.

சின்னம்மா முறையில் உள்ளவர்களை எங்கள் பக்கம் லிக் என்போம்; அக்காவை மபாக், அண்ணனைக் காங், வயதில் பெரிய ஆண்களைப் பாக் என்போம். அவருக்கும் எனக்கும் ரத்த உறவு கிடையாது. இரண்டு வேலி தள்ளி வீடு, அவ்வளவுதான்.

சலாக் குட்டையான முள்பனை. அதில் ஆண் தனி மரம், பெண் தனி மரம். பாம்புச் செதில் தோலோடு கொத்துக்கொத்தாகப் பழுப்பது பெண்ணில் மட்டும். பெண் பூ சிவந்து விரிந்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்குள் ஆண் பாளையை வெட்டிவந்து அதன் தூளைப் பெண் பூமேல் தட்டி, மழை படாமல் மூடிவைக்க வேண்டும். இதைக் கல்யாணம் பண்ணிவைப்பது என்றே நாங்கள் சொல்வோம். பொனிராவோ கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாற்பதைத் தாண்டிவிட்டார். ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"தனக்கு ஒண்ணு தேடிக்கத் தெரியல, ஒரு நாளைக்கு இருபது கல்யாணம் பண்ணி வைக்கிறா" என்பார் பக்கத்துத் தோட்டத்து பாக் தார்ஜோ.

"நான் பண்ணி வச்சதுல ஒண்ணாவது சண்டை போட்டுக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னிருக்கா, பாக்? உங்க வீட்டுல தினம் சட்டி பறக்குதே!"

நான் பட்டம் வாங்கி வந்த வருஷம் வேளாண்மை அலுவலகத்துக்காகத் தோட்டம் தோட்டமாகக் கணக்கெடுத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி போன முதல் ஆள் நான், படித்தது தாவரவியல். படிவத்தில் பெண் மரங்களுக்கு ஐந்து ரகம் இருந்தது. ஆணுக்கு ஒரே கட்டம்: 'ஆண்'. பொனிராவிடம் அதைக் காட்டினேன்.

"எல்லாரையும் ஒரே பைல போட்டுக் கட்டிட்டானா?" என்று சிரித்தார். அவரிடம் பதினோரு ஆண் மரங்கள் இருந்தன. மூன்றை அவசரக்காரன் என்பார். பெண்கள் கண் விழிப்பதற்கு முன்பே பாளை விட்டுவிடும். நான்கு சோம்பேறி; ஊர்க் கல்யாணமெல்லாம் முடிந்த பிறகுதான் எட்டிப்பார்க்கும். மீதி நான்கு மழைக்காரன்; ஈரத்திலும் தூள் கட்டியாகாது. நான் படிவத்தின் ஓரத்தில் அதை எழுதினேன். அலுவலகத்தில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். சண்டை போட்டிருக்கலாம், வேலை புதிது, விட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஆண் மரம் காய்க்காது, இடத்தை அடைக்கிறது என்று ஊரே அவற்றை வெட்டிவிட்டுப் பெண் கன்றுகளை நட்டிருந்தது. ஒவ்வொருவரும் பக்கத்துத் தோட்டத்தில் ஆண் இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். எண்களைக் கூட்டிப் போட்டவள் நான். கூட்டல் சரியாக இருந்தது.

பிறகு மெராப்பி எரிமலை வெடித்தது. முகாமிலிருந்து திரும்பியபோது தோட்டங்கள் சாம்பலுக்கு அடியில் மட்டை ஒடிந்து கிடந்தன. முதலில் பச்சை பிடித்தது பாசி. அதற்கு ஒரு துளி நீர் போதும். அடுத்து வந்தது பெரணி. அதன் வித்துத்தூளைக் காற்றே சுமந்துவரும். பாடத்தில் இந்த வரிசையை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எங்கள் சலாக்குக்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தது. முன்பெல்லாம் கொஞ்சம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கூன்வண்டுகளையும் காணோம்.

பொனிராவின் ஆண்கள் மூங்கில் புதருக்கு அடியில் நின்றதால் பிழைத்துக்கொண்டன. ஆனால் நிலம் அவருடைய அண்ணன் வகிமானுடையது. ஆற்றில் மணல் தோண்டுகிறவர்கள் தோட்டத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பருவம் போச்சு. இந்தப் பருவமும் காய் பிடிக்கலைன்னா குடுத்துடுவேன், பொன். லாரி சத்தம் உனக்குப் பழகிடும்" என்றார் வகிமான்.

"பிடிக்கும், காங்."

மழை தொடங்கியதும் கீழ்த்தோட்டங்களில் பெண் பூக்கள் சிவந்தன. ஊரில் ஆண் பாளை இல்லை. பாக் தார்ஜோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன பாக், பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

"மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன். மானத்த வாங்காதே."

பொனிரா கொடுத்தார். கேட்டு வந்த ஏழு குடும்பத்துக்கும் கொடுத்தார். வகிமான் கத்தினார்: "ஊருக்கெல்லாம் வாரிக் குடுக்கிறியே, நம்ம மரத்துக்கு?"

"நம்மது மேட்டுல இருக்கு, காங். சிவக்க இன்னும் பத்து நாள் ஆகும். நமக்குச் சோம்பேறிங்க இருக்கானுங்க."

அவர் தவறியது இங்கேதான். இருபது வருஷமாகத் தப்பாத வரிசையை நம்பி, சோம்பேறிகளின் மட்டையை விலக்கிப் பார்க்காமல் விட்டிருந்தார். அந்த வருஷம் சாம்பல் எல்லா ஆண் மரங்களையும் ஒரே வாரத்தில் எழுப்பிவிட்டிருந்தது. பதினோராம் நாள் மேட்டில் அறுபது பெண் தூர்கள் சிவந்து நின்றன. சோம்பேறிகளிடம் போய் மட்டையை விலக்கினால், பாளைகள் தூள் உதிர்ந்து பழுப்பேறித் தொங்கின.

பொனிரா பழுத்த பாளை ஒன்றை ஒடித்து எறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நானே வகை பிரிச்சு, நானே ஏமாந்தேன்" என்றார். "ரெட்னோ, கூடையை எடு. ஆத்துக்கு அந்தப்பக்கம் போலாம்."

"யாரைத் தெரியும் லிக், அங்க?"

"யாரையும் தெரியாது. மரம் தெரியும்ல."

சேற்றுவெள்ளம் பாலத்தைக் கொண்டுபோயிருந்ததால் மேலே ஏறி, பாறைகள் மேல் கடந்தோம். அக்கரையில் ஸ்ரும்புங் என்ற ஊர்ப் பக்கத்தில் நான்கு தோட்டங்களில் கையை விரித்தார்கள். ஐந்தாவதில் பொனிரா வழக்கம்போல வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் மட்டையை விலக்க, பின்னாலிருந்து குரல் வந்தது: "திருடுறதா இருந்தா கையுறை போட்டுக்கம்மா, முள்ளு குத்தும்."

அவர் பெயர் ஜுமாடி. மெலிந்த, காது கொஞ்சம் மந்தமான மனிதர். பொனிரா நடந்ததைச் சொன்னார். ஜுமாடி இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டு, பதினான்கு பாளைகள் வெட்டித் தந்தார். பாளைக்குப் பாளைதான் திருப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். காசு கைமாறினால் காய் தங்காது என்று நம்புகிறோம். படித்த பிறகும் நான் அதை மீறிப் பார்த்ததில்லை.

"அடுத்த பருவம் பதினாலும் திருப்பித் தந்துடுவேன்" என்றார் பொனிரா.

அன்றும் மறுநாளும் அறுபது தூர்களிலும் குனிந்தோம். அவர் தட்ட, நான் மூடினேன். வகிமான் முதலில் வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே வந்து, மூடுவதற்கு இலை நறுக்கிப் போட்டார். ஒரு மாதம் கழித்து மூடியைத் திறந்தால், விரல்நுனி அளவில் முள்முள்ளாகப் பிஞ்சு. நாற்பத்தெட்டுத் தூரில் பிடித்திருந்தது. மணல்காரர்கள் வந்தபோது வகிமான் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். பாக் தார்ஜோ வேலியோரம் ஐந்து ஆண் கன்றுகள் நட்டார். அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று பொனிராவிடம்தான் கேட்டார்.

அடுத்த பருவம் பொனிரா பதினான்கு பாளைகளோடு ஆற்றைக் கடந்தார். ஜுமாடியின் ஆண் மரங்கள் பாளை விட்டுக் குலுங்கிக்கொண்டிருந்தன.

"இத வச்சு நான் என்ன பண்ண? அடுப்பெரிக்கவா? என் மரம் பொய்க்கிற வருஷம் கொண்டாம்மா."

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் போகிறார். மட்டையை விலக்கிப் பார்க்கிறார். ஜுமாடியின் மரங்கள் ஒரு வருஷமும் பொய்க்கவில்லை. போன மாதமும் போய்வந்தார். கூடையைக் கீழே வைத்தபடி, "இந்தத் தடவையும் அமோகமா பூத்திருக்கு, பாழாப்போனது" என்றார். பதினான்கு பாளைகளும் கூடையில் அப்படியே இருந்தன.