மாற்று ஆள் வரும்வரை

ஆசிரியர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் நானும் இருக்கிறேன். நான் ஆசிரியன் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு லாரி கிளீனராக விசாகப்பட்டினம்வரை போனேன், திருப்பூர் சாயப்பட்டறையில் நின்றேன், பனித்திட்டு மீனவர்களோடு கொஞ்ச காலம் படகேறினேன். எங்கேயும் நிலைத்து இருந்ததில்லை. என் மனைவிதான் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. தாய்மாமன் மகள். அந்த உறவு இல்லாவிட்டால் எனக்கு யார் டீச்சரைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள்?

அவளுக்குக் காரைக்காலுக்கு மாறுதல் வந்தது. புதுச்சேரி அரசு வேலையில் இது எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் ஒன்று. அரசு ஒன்றுதான், ஆனால் நடுவில் கடலூரையும் சிதம்பரத்தையும் சீர்காழியையும் தாண்டினால்தான் காரைக்கால். அங்கே சில வருஷம் வேலை பார்த்தால் திரும்பி வர முறை வரும். வகுப்பு நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பதால், சங்கத்தின் செய்திகளைப் படித்துச் சொல்ல என் எண்ணைக் குழுவில் சேர்க்கச் சொன்னாள்.

நானும் அவளோடு போயிருக்கலாம். ஊர் மாறுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் மாமா படுத்துவிட்டார். பாகூரில் நெல்லும் கரும்பும் போட்டவர், ஒருநாள் வரப்பில் விழுந்தார், வலது கையும் காலும் வரவில்லை. அத்தை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். இவள் ஒரே மகள். காரைக்காலில் இன்னும் இரண்டு டீச்சர்களோடு ஒரு மாடி அறையில் இருக்கிறாள், அங்கே அவரைக் கொண்டுபோக முடியாது. எனவே ஊர் சுற்றினவன் வீட்டில் உட்கார்ந்தேன், வீட்டில் இருந்தவள் பஸ் ஏறினாள்.

மாமாவைக் குளிப்பாட்டுவது, கழுவிவிடுவது, சோறு பிசைந்து ஊட்டுவது எல்லாம் பழகிவிட்டது. வாய் கோணிப்போனாலும் அவர் பேச்சு கோணவில்லை. "என் கையும் காலும் வுழுந்தாதான் நீ வூட்ல தங்குவன்னு எழுதியிருக்குதுடா" என்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் வண்டியோடு நிற்பேன். ஞாயிறு மத்தியானம் அதே இடத்தில் எதிர்ப்பக்கம் நின்று ஏற்றிவிடுவேன். போகிற அன்று காலையில் அவள் துவைத்துப்போட்ட புடவை கொடியில் கிடக்கும். அதை நான் உடனே எடுப்பதில்லை. செவ்வாய், புதன்வரைகூட ஆடிக்கொண்டிருக்கும். வெயிலில் சாயம் போகிறது என்று ஒவ்வொரு வாரமும் திட்டுவாள்.

குழுவில் வரும் செய்திகள் பாதி எனக்கு முதலில் புரியவில்லை. வருகைப்பதிவு, தேர்தல் பணி, விடுப்பு விதிகள். செயலாளர் ஒரு கணக்கு வாத்தியார். குரல் பதிவு போடுவார், எல்லோரையும் சார், டீச்சர் என்பார். ஒருமுறை நான் ஏதோ சந்தேகம் கேட்டதற்கு, நல்ல கேள்வி சார் என்று பதில் போட்டார். அதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

ஒருநாள் மாறுதல் ஆணை வந்த செய்தி வந்தது. எங்கள் பாகூர் கொம்யூன் பள்ளிகளுக்குத் திரும்பி வருகிறவர்களில் இவளும் இருந்தாள். அவளுக்குப் போன் செய்யும் முன்பே மாமாவிடம் சொல்லிவிட்டேன். ஷேவ் பண்ணி விடுடா என்றார். அத்தனை மாதமாகத் தாடியில் கை வைக்கவிடாதவர். சோப்பு நுரைக்குள் அவர் முகம் மகளின் முகம்போல இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆணை வந்தது, அவள் வரவில்லை. அந்தப் பள்ளியில் தலைமை ஆசிரியையைச் சேர்த்தே இரண்டு பேர்தான், வகுப்பு ஐந்து. மாற்று ஆள் வந்து சேராமல் இவளை ரிலீவ் செய்ய முடியாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். அதே வாரம் சங்கத்திலிருந்து ஒரு செய்தி: ஆணை பெற்றவர்களைத் தாமதமில்லாமல் விடுவிக்க வேண்டும் என்று கேட்பது நமது உரிமை, பொறுப்பை ஒப்படைக்காமல் பள்ளியை விட்டு வராமலிருப்பது நமது கடமை. இரண்டையும் அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். ரெண்டுமே சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை மாமாவிடம் உட்கார வைத்துவிட்டு, பள்ளி விடும் நேரம் பார்த்து வில்லியனூர் போனேன். சங்க அலுவலகம் தேரடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே ஒரே அறை. செயலாளர் தலைமை ஆசிரியைக்கு ஒரு போன் போட்டால் காரியம் நடக்கும் என்பது என் எண்ணம்.

வெளியே பெஞ்சில் ஒருவர் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அரியூர்க்காரர். மனைவி டீச்சர், உள்ளே செயலாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றார். குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தி, கூடையில் முட்டை கொண்டு போகிறவர்போல இருந்தார். அவர் மனைவிக்கும் மாறுதலாம், இங்கிருந்து காரைக்காலுக்கு. எந்தப் பள்ளி என்று கேட்டேன். சொன்னார். என் மனைவி வேலை பார்க்கும் பள்ளி அது.

நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாற்று ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

நான் யார் என்று சொன்னேன். அவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அங்க தண்ணி எப்படிங்க? கொழந்தைக்கு ஒத்துக்குமா?"

நல்ல தண்ணீர் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. "உப்புதாங்க. கேன் வாங்கணும். ஜனங்க நல்லவங்க" என்றேன்.

செயலாளர் வெளியே வந்து என் மனைவியின் விவரத்தைக் கேட்டார். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பேருமே நம்ம மெம்பருதான் சார். உங்க வீட்டம்மாவுக்கு வர்றதுக்கு உரிமை இருக்குது. இவங்களுக்குக் கொழந்தைக்காக லீவு கேக்கறதுக்கு உரிமை இருக்குது. நான் யாருக்கு எதிரா பேசறது?"

படியிறங்கி வந்து அவளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் யாரோ குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

"கொழந்த எவ்ளோ பெருசு?"

"இன்னும் தல நிக்கல."

"அப்ப லீவு கேட்டு எழுதித் தரச் சொல்லு. நான் சந்தா கட்றது எனக்கு மட்டுமா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீ இன்னா சொன்ன அந்தாள்கிட்ட?"

"தண்ணி உப்புன்னு சொன்னேன்."

சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். அது அடங்கியபின், "அப்பா ஷேவ் பண்ணிக்கினாருன்னு சொன்னியே, இப்ப மறுபடியும் வளந்திருக்குமே" என்றாள்.

மேலே போய், எங்கள் வீட்டம்மா காத்திருப்பார் என்று செயலாளரிடம் சொன்னேன். எந்த மகிழ்ச்சியோடும் சொல்லவில்லை. அந்த டீச்சர் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டவர்கள் அதிகமில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் குழந்தையைப் பார்த்துத் தலையாட்டினேன். அவளுக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. வேறு ஆளைப் போடக் கேட்டிருக்கிறோம், பள்ளி திறக்கும்போது பார்க்கலாம் என்று செயலாளர் குழுவில் எழுதினார். அதாவது இந்த வருஷம் இல்லை.

மாமாவிடம் சொன்னதற்குச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"என்னத் தூக்கிக்கினு போயி அங்க போட்டுடேன்டா."

"மாடி மாமா. படி ஏணி மாதிரி இருக்கும்."

"கீழ் வூடா பாரு."

பாகூர் ஏரித் தண்ணீரை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கப் பிடிக்காத மனிதர். கிண்டலுக்குச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா, தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். தகப்பன் சொன்னதைச் சொன்னேன். அவரையே பார்த்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கேட்காதவர்போலக் கிடந்தார். ஞாயிறு மத்தியானம் பஸ்ஸில் சன்னல் பக்கம் இடம் பிடித்து, தலையை வெளியே நீட்டி, கீழ் வீடு ஏதாவது இருந்தால் விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். பஸ் போய்விட்டது.

நான் ஊர் ஊராகப் பஸ் ஏறிய காலத்தில், ஏற்றிவிட வந்தவர்கள் அதன்பிறகு என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. வண்டியைத் திருப்புவார்கள். கத்தரிக்காய் வாங்குவார்கள். படுத்திருப்பவருக்கு வைக்க வேண்டிய கஞ்சியின் நேரம் ஞாபகம் வந்து கொஞ்சம் வேகமாகப் போவார்கள்.

வீட்டுக்கு வந்தேன். கொடியில் புடவை இன்னும் ஈரமாக இருந்தது.