லாபிஸ் மருந்து வீட்டின் உட்சுவர்

போன வாரம் தம்போய் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை விழுங்கத் தெரியாமல் நாக்கிலேயே கரையவிட்டேன். கசப்பு காதுவரை ஏறியது. இந்த வயதிலும் இப்படியா என்று மருமகள் சிரித்தாள். எனக்கோ மலேரியாக் காய்ச்சலுக்குத் தரும் கொயினா ஞாபகம் வந்தது. கொயினா என்றால் ஜோகூரில் லாபிஸ் பக்கத்து மருந்து வீடுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சர்வே ஆபீசில் பிளான் வரையப் பழகிக்கொண்டிருந்தேன். புதிதாகக் கால்சட்டை போட்டவனுக்கு உள்ள திமிர் எனக்கும் இருந்தது. லாபிஸுக்கு அப்பால், காட்டோரத்துக் கத்தோலிக்க மிஷனிலிருந்து சாமியார் ஆளனுப்பினார். மிஷன் வந்த புதிதில் கட்டிய மருந்து வீட்டில் கறையான் ஏறிவிட்டதாம். இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து, படமும் பிடித்து வைக்க வேண்டும் என்றார்.

அதைக் கட்டியவர் முன்பிருந்த வெள்ளைக்காரச் சாமியார். பனி பெய்கிற தன் ஊர் வழக்கப்படி, முழு மரங்களைப் பட்டை உரித்து ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துச் சுவர் எழுப்பியிருந்தார். ஜன்னல் ஒன்றே ஒன்று. ஜோகூர் வெயிலில் உள்ளே போனால் இட்லிப் பானைதான். நான் ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, நீளம், பருமன், மூலையில் வெட்டிப் பொருத்திய விதம் எல்லாம் அங்குலம் பிசகாமல் குறித்தேன். அந்தப் பெருமையை விட இன்றும் மனமில்லை.

சிகாமட்டிலிருந்து வந்த சீனப் படக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "கெலாப் லா" என்று உதட்டைப் பிதுக்கினார். இருட்டு அவ்வளவு. சுவரெல்லாம் வேறு கரிக் கிறுக்கல். ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து நானே அடித்தேன். படம் அருமையாக வந்தது.

மருந்து வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த, புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸர் சூசை ரப்பர் எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு தம்பி அடிச்சது?"

"நான்தான். படம் நல்லா வரணும்னு."

"அது செத்தவங்க பேரு."

ஒரு காய்ச்சல் வருஷத்தில் எஸ்டேட் ஆட்கள் கொத்துக் கொத்தாக இங்கே வந்து இறந்திருக்கிறார்கள். சாமியார் அப்போது மாதம் ஒருமுறைதான் வருவார். சாகும் நேரத்தில் ஞானஸ்நானம் கேட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். அன்றைய டிரஸர் ஊற்றினார். காகிதம் கறையானுக்குப் போகும் என்று பெயர்களைச் சுவரில் கரியால் எழுதினார். எல்லோரையும் ஒரே குழியில் புதைத்ததால் தனிக் கல்லறை கிடையாது. அந்த டிரஸரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"கல்லறைத் திருநாளுக்கு அந்தோணியம்மா வரும். மவன் பேருக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்தும். அதுகிட்ட நீங்களே சொல்லிருங்க."

ஈரத் துணியால் சுண்ணாம்பைத் துடைத்துப் பார்த்தேன். கரியும் சேர்ந்தே வந்தது. ஒரு வாரத்தில் கல்லறைத் திருநாள் வந்தது.

அந்தோணியம்மா எஸ்டேட்டில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுகிற பெண். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஜன்னலோரம் கீழிருந்து ஐந்தாவது மரத்தில் கையை வைத்தாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை.

"நீங்க எழுதுற பிளான்ல இந்த மரம் இருக்குங்களா ஐயா?"

"இருக்கும்மா."

"அதுல எழுதிருங்க. சவரிமுத்து."

அவள் கண்முன்னாலேயே ஐந்தாவது மரத்தின்மேல் எழுதினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"பக்கத்துல இருந்தவங்க பேரையும் போட்டுருங்க. அவங்களுக்கு வர ஆளில்ல."

நான் டிரஸர் சூசையைப் பார்த்தேன். அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார். ஜன்னலருகே அவர் அந்தோணியம்மாவுக்காகப் படித்துக் காட்டியது அந்த ஒரு பெயரைத்தான்; மற்றவற்றை அவரும் படித்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே மருந்து வீட்டை இடித்து, மரங்களை அடுப்புக்கு வெட்டினார்கள். மிஷனும் பிறகு இடம் மாறியது. குழி இருந்த இடம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். பிளானின் நகல் என்னிடம் இருக்கிறது. அத்தனை மரங்களில் ஒரே ஒரு பெயர். எத்தனை பெயர் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று நாள் அந்தச் சுவரை அளந்தேன், ஒரு வரிகூடப் படிக்கவில்லை.