பெட்ரோல் வாடைக்கு ஊதுபத்தி

எங்கள் சிங்கவரத்து வேர்க்கடலையைக் காரிலேயே மூட்டையாக ஏற்றிச் செஞ்சிக்குக் கொண்டுபோவேன். போன மாதம் காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. காரை இரவல் வாங்கிப் போன மச்சான்தான் பெட்ரோல் கேனை ஏற்றிக் கொட்டிவிட்டான் என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"அவன் கேனே ஏத்தலைங்க" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

வாடை போகட்டும் என்று காருக்குள் ஊதுபத்தி கொளுத்தப் போனேன். மனைவி பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள். "இன்னா பண்றீங்க? பின்னால பாப்பா தூங்குது!"

மெக்கானிக் வந்து பானட்டைத் திறந்தார். எலி கடித்த ஓஸ் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கடலைத் தோல் குவியல். என் மூட்டையிலிருந்து சிந்திய கடலைக்குத்தான் எலி வந்திருக்கிறது. கூசிப்போனேன்.

இப்போது மூட்டைகள் லோடு ஆட்டோவில் போகின்றன. வாடை வந்தால் சாவியைக்கூடத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன்.

மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவலையே மாமா?" என்று மட்டும்தான் கேட்டான்.