ஜன்னல் ஓர சீட்

விவரம் போதாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இப்படிப் பிள்ளையோடு வீட்டில் அடைபட்ட என் சக கைதிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். என் மகள் ஜெனி வளர்ந்த பெண், மனசு மட்டும் நாலு வயதில் நின்றுவிட்டது. எனக்கு இருப்பது ஒரே ஆசை. ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, கும்பகோணத்தில் இருக்கும் பள்ளித் தோழி வீட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகப் போக வேண்டும். ஜெனியோடு போனால் ஜன்னல் அவளுக்கு. எழுந்து ஓடாமல் மறிக்க இந்தப் பக்கம் நான். வழியில் மாடு தெரியும்போதெல்லாம் "ம்மா, மாடு" என்பாள். "ஆமா, மாடு" என்று சொல்லாவிட்டால் விடமாட்டாள்.

சொந்தம்

வரதராசன்பேட்டையில் இருக்கும் நாத்தனாரிடம் ஒரு பகல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். பாசக்காரி, உடனே சரி என்றாள்.

"தாராளமா பாத்துக்குறேன் அண்ணி. நீங்களும் பக்கத்துல இருங்க, போதும்."

அறிவுரை

பெரம்பலூரில் எங்களைப் போன்ற பெற்றோருக்கு ஒரு கூட்டம். இஸ்திரி கலையாத சேலையில் ஒரு சின்னப் பெண், "தினமும் உங்களுக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்குங்க" என்றாள். நான் படித்த கான்வென்ட் இங்கிலீஷிலேயே கேட்டேன், அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது என்று. அவள் சிரித்துவிட்டு திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். தோளுக்கு மேல் வளர்ந்த மகனை மடியில் சாய்த்திருந்த பக்கத்து நாற்காலிக்காரி என் கையைத் தட்டினாள்.

"விடுங்கக்கா, அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

வீட்டுக்காரர்

கடைசியில் அவரே தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார். சோறு, மாத்திரை, மாற்றுத்துணி எல்லாம் சொல்லி முடித்து வாசலில் செருப்பு மாட்டியும் கால் நகரவில்லை. "என்னைத் தேடி அழுதா என்ன செய்வீங்க?" என்றேன்.

"அழுதா நானும் கூட உக்காந்து அழுவுறேன். நீ கெளம்பு."

பஸ்

நல்லவேளை, கூட்டமில்லை. ஏறினேன், உட்கார்ந்தேன், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஜெனியையும் என்னையும் நன்றாகத் தெரிந்த கண்டக்டர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே என் பக்கத்து இடத்தைப் பார்த்தார்.

"பாப்பாதான் வரலையேம்மா, ஜன்னலை யாருக்குப் புடிச்சு வச்சிருக்கீங்க? தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன், இத்தனை வருஷம் ஏங்கிக் கிடைத்த ஜன்னலில் கும்பகோணம் வரை எத்தனையோ மாடு போயிற்று, ஒன்றைக்கூட யாரும் எனக்குக் காட்டவில்லை.